பூட்டிய அறையில் அடித்த மணி

பாசத்துக்குரிய அத்தான்,

கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை. நேரில் பேசினாலே நாலு வார்த்தைக்கு மேல் போகாது. ஆனாலும் நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேலை ஓடவில்லை.

குற்றாலம் லாட்ஜில் உங்கள் பழைய டெலிபோன் போர்டைக் கழற்றி, நான் தானியங்கி போர்டு மாட்டிய சாரல் மாதம் நினைவிருக்கிறதா? அதுவரை எந்த ரூமிலிருந்து வெளியே பேசவும் நீங்கள்தான் வயரைக் குத்தி லைன் கொடுக்க வேண்டும். "தென்காசி குடுங்க அண்ணாச்சி" என்பார்கள். கூடவே, "ஐந்தருவியில தண்ணி விழுதா?" ஈரத்துண்டோடு திரும்புகிறவர்களைச் சன்னல் வழியே பார்த்துப் பதில் சொல்வீர்கள்.

இருபது ரூமுக்கும் நான் வழி போட்டேன். சைபரைச் சுற்றினால் வெளி லைன். முதலாளி சைபரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனி ஆபரேட்டர் எதுக்குவே?" என்றார். உங்கள் முன்னாலேயே. அக்கா புருஷன் வேலையை நானே பிடுங்கினேனா? தலை நிமிராமல் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நீங்கள் வந்து நின்றீர்கள்.

"மாப்ளே, பூட்டின பதினோராம் ரூமுக்குள்ள மணி அடிக்குது. பேயா, உன் மிஷினா?"

என் மிஷின்தான். வெளியிலிருந்து வருகிற போன் எங்கே அடிக்க வேண்டும் என்று போட மறந்துவிட்டேன். அங்கே ரூம் நம்பர் பதினொன்றில்தானே தொடங்கும், போர்டு தன்பாட்டுக்கு அந்த முதல் நம்பரில் அடித்தது. அந்த ரூமோ ஒழுகுகிறதென்று பூட்டிக் கிடந்தது.

"போறதுக்கு வழி வச்சே. வாரவன் எங்கலே போவான்?" என்று சிரித்தீர்கள்.

அன்றே அதை உங்கள் மேஜைக்குத் திருப்பினேன். "வார போனை எடுத்து ரூமுக்கு மாத்திவிட ஆள் வேணும்" என்றேன் முதலாளியிடம். மானேஜர் மேஜையிலேயே அடிக்க வைத்திருக்கலாம். முதலாளி அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததா அத்தான்?

நேற்று முதலாளி கேட்டுவிட்டார். "அவரும் காலமாயிட்டாரு. மானேஜர் மேஜைக்கு மாத்த முடியுமாவே?"

"முடியும். மாத்த மாட்டேன். அக்கா வந்து உக்காரட்டும்."

முறைத்தார். நானும் முறைத்தேன். "சரி, திங்கக்கெழம வரச் சொல்லு" என்றார்.

இன்று அக்காவுக்கு ரூம் நம்பர்களை எழுதிக் கொடுத்தேன். "அத்தான் போனை எடுத்ததும் மொதல்ல என்னலே சொல்லுவாவ?" என்று கேட்டாள். நீங்கள் ஹலோ சொல்லியதே இல்லையே. "சொல்லுங்க"தானே?

சொல்லிப் பார்த்தாள். குரல் உடைந்தது. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி சொன்னாள். சரியாக வந்தது.

அந்தப் போர்டு என் கையில் இருக்கும்வரை, வெளியிலிருந்து வருகிற போன் அக்கா மேஜையில்தான் அடிக்கும்.

உங்கள் மச்சினன்,
சண்முகம்