இடக்கைக்கும் ஒரு சஹன்

12 ஆகஸ்ட், செவ்வாய்
விடிகாலை சுபஹ் தொழுததும் முதல் வேலையாக, தூங்கிக்கொண்டிருந்த மகள் நஸ்லியாவின் இடது மணிக்கட்டிலிருந்த கறுப்பு நூலை வெட்டிக் குப்பையில் போட்டேன். என் கணவர் லாபிரின் அருமை அக்கா, அவர் வாயில் 'ராத்தா', எனக்குப் பஸீஹா மச்சி, ஓதி வாங்கிக் கட்டியது. நஸ்லியாவின் வலது கை எழுதினால் இடது கையும் அதையே செய்யும். எனக்கும் பிறவியிலிருந்தே அப்படித்தான். மச்சிக்கு அது ஜின் சேட்டை. அவருடைய புருஷன் பகலெல்லாம் கடையில் தூங்குவது மட்டும் களைப்பு!

14, வியாழன்
நரம்பு டாக்டர் சுபாஜினி என் தலையிலும் நஸ்லியா தலையிலும் கம்பித் தொப்பி மாட்டி, வலது விரல்களை அசைக்கச் சொன்னார். பிறகு ஸ்கேனைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரி; சுற்றி வளைக்கவில்லை.
"கை அசைய முன்னமே மூளையிலை ஒரு பக்கம் ஆயத்தமாகும். நடுவிலை இருக்கிற நரம்புப் பாலம் மற்றப் பக்கத்தை 'சும்மா இரு' எண்டு அடக்கும். உங்கள் ரெண்டு பேருக்கும் அந்தப் பாலம் மெல்லிசு. ரெண்டு பக்கமும் சேந்து எழும்புது. புத்திக்கு ஒரு குறையுமில்லை."
அவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷப் பேச்சு?

15, வெள்ளி
லாபிரிடம் விளக்கினேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை இந்த மனுஷன். "ராத்தாக்கு இதெல்லாம் வெளங்காது. நீங்க சும்மா ஈங்களேன்."
அடக்குவதற்கு இந்த வீட்டில் ஆளா குறைவு?

19, செவ்வாய்
மச்சி வந்தார். ஞாயிறு அவர் மகன் ஃபாஸிலின் வலீமா, கல்யாண விருந்து.
"நஸ்லியாவ சஹன்ல வெக்க வேணாம். பொண்ணு வீட்டாக்கள் பாப்பாங்க. குசினில பீங்கானும் கரண்டியும் குடுப்பம்."
என் கல்யாணத்தில், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிட்ட சஹனில், என் இடது கை மடியில் வெறுமையைப் பிசைந்ததைப் பார்த்து இதே வாய்தான் கத்தியது: "இடக்கைக்கும் ஒரு சஹன் வைங்க!" சபையே சிரித்தது. அன்றிலிருந்து இடது கையைத் தொடைக்கடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

21, வியாழன்
பகல் சோறு. நஸ்லியா இடது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.
"யாரு செல்லித் தந்த?"
"ஒத்தருமில்ல உம்மா. நீங்க அப்பிடித்தானே."
மச்சியைவிட மட்டமான ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள்.

23, சனி
நஸ்லியாவுக்கு மருதாணி வைத்தேன். அவள் விரல்களைப் பிடித்திருந்த என் இடது கை, கோன் பிடித்த வலது கையோடு சேர்ந்து துடித்துக்கொண்டே இருந்தது. கூச்சத்தில் சிரித்தாள்.
"இடக்கைக்கு ஏன் உம்மா இவ்வளவு பெரிய பூ?"
"அழகா ஈக்கிதுதானே."
நாளை வலீமாவில், முதல் சஹனிலேயே, மச்சிக்கு நேர் எதிரே, நாங்கள் இருவரும் உட்காருவோம். என் இடது கை மடியில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். பிசையட்டும்.
லாபிருக்குச் சொல்லவில்லை. நஸ்லியாவுக்கும் சொல்லவில்லை. இதையும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள்.