வேலாயுதத்துக்கு வந்த தபால்

நவம்பர் 4, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. ரெம்பா டவுனிலிருந்து அரிசி லாரி வரவில்லை.

தோட்டத்து மானேஜர் துரை கூப்பிட்டார். வேலாயுதத்துக்கு வரும் தபாலைப் பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டிக் கொடுக்க வேண்டுமாம். வே. இங்கே தொழிலாளர் சங்கச் செயலாளர். ஊர்க்காவலில் துப்பாக்கி தூக்கி முள்வேலியைக் காக்கிறவன். அவன் தம்பியைச் சுட்டதே காட்டுக்காரர்கள்தான், கம்யூனிஸ்டுகள்.

"அவன் நம்ம ஆளுங்க, தொர."

"நம்ம ஆள்தான், கிராணி. அதான் தெரிஞ்சிக்கணும்."

ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி நான், தலையாட்டிவிட்டு வந்தேன். மானங்கெட்டவன்.

6, வியாழன்
வெயில். சவுக்காரம், பிளேடு வாங்க வேண்டும்.

கெட்டில் ஆவியில் உறை சுலபமாகப் பிரிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து அவன் அக்கா. அம்மாவுக்குக் கண்ணில் புரை, ஆபரேஷனாம், ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போ. அவ்வளவுதான். துரையிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

ராஜா காலத்திலும் ஒற்றர்கள் இருந்தார்கள், சொந்த மந்திரி வீட்டுக்கே ஆள் அனுப்பியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம். அந்த ஒற்றன் பிடிபட்டால் தலை போகும். எனக்கு என்ன போகும்? பழசோ புதுசோ, உறையை மறுபடி ஒட்டி வைத்தேன்.

8, சனி
காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, தபாலும் கொடுத்தேன். வே. கிட்டே வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் எப்பவாம்?"

கடிதம் இன்னும் என் கையில்.

"இப்பத்தான லெட்டரே வருது, மச்சான்," என்றான். ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினான். நாலு அறை விட்டிருக்கலாம்.

10, திங்கள்
தூறல். இடது கடைவாய்ப் பல் வலி.

வே. ஊருக்குப் போக லீவு கேட்டான். கிடையாது. சங்கத்துக்காரன் கப்பலேறுவது அம்மாவைப் பார்க்கவா, வேறெதற்காவதா என்று துரைக்குச் சந்தேகம். போலீஸுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். துரையிடம் வாயைத் திறந்தது நான். அந்தத் தாய் என் பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டாள்.

12, புதன்
வே. ஆபீசுக்கு வந்தான். அக்காவுக்குப் பதில் எழுதியிருக்கிறான். உறையை ஒட்டவில்லை.

"நீங்களே படிச்சிட்டு ஒட்டிருங்க, கிராணியாரே. பிரிக்கிற வேல மிச்சம் லா."

நீ போய் நீங்க. மச்சான் போய் கிராணியார். வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவன் போனதும் படித்தேன். லீவு இல்லை, வர வழியில்லை, அம்மாவை நீயே பார்த்துக்கொள். கடைசியில், 'இங்கே என்னைப் பற்றிக் கவலைப்படாதே. கூடப்பிறந்தவன் மாதிரி ஒரு கிராணியார் இருக்கிறார்.'

சாயங்காலம் துரை கேட்டார். எல்லாம் சொன்னேன். அந்த ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை.