ஆறு வயது வரை

ஜூன் 3

சுவரை இடித்துவிட்டார்கள். இனிமேல் குழந்தைகள் நலத்துக்கு ஒரே அலுவலகமாம். ‘ஒரு குடும்பம், ஒரு மேசை’ என்று வாசலில் பெரிய பலகை. இதுவரை ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் என் பிரிவு. அதற்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் ‘மீசை’யின் பிரிவு; அந்த முறுக்கு மீசைக்காரருக்கு நான் வைத்த பெயர். அம்மா அப்பாவுக்கு ஏதாவது என்றால் மாடியில் வேறொரு பிரிவு. பிள்ளைகளைத் தங்கவைக்க எனக்கும் அவருக்கும் தனித்தனி இல்லம். யாரும் யார் வழிக்கும் போனதில்லை. நன்றாகத்தானே இருந்தது?

இப்போது என் மேசைக்கு நேர் எதிரே மீசை. காலையிலிருந்து ஸ்பூனால் டம்ளரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறார். சர்க்கரை கரைய இவ்வளவு நேரமா?

ஜூன் 5

வணக்கம் சொன்னார். நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 11

இரண்டு பிள்ளைகளை அவர்கள் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து விட்டாள். அக்காவுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. அம்மா ஆஸ்பத்திரியில், எழுந்து நடக்க ஒரு மாதமாவது ஆகுமாம். அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது.

“இப்பதான் எல்லாம் ஒண்ணாயிடுச்சே. ரெண்டையும் என் இல்லத்துலயே விடுங்க” என்றார் மீசை. எவ்வளவு சுலபமாக என் பிரிவை விழுங்கப் பார்க்கிறார்!

“நாலு வயசுப் பையனுக்கு உங்ககிட்ட கட்டில் இருக்கா? ராத்திரி அழுதா தூக்க ஆள் இருக்கா? ஆறு வயசு வரைக்கும் என் பொறுப்பு சார்.”

இருக்காது என்று தெரிந்துதான் கேட்டேன். ஒன்றாக்குகிறோம் என்று சுவரை இடித்தவர்கள் ஒரு கட்டில் வாங்கிப் போட்டார்களா?

அக்காக்காரி என் கைப்பையைப் பிடித்து இழுத்தாள். “நான் ஊட்டுனாத்தான் சாப்பிடுவான்.”

“பழகிடுவான்மா.”

பையன் என் இல்லத்துக்கு, அவள் அவர் இல்லத்துக்கு. ஜெயித்தது நான்.

ஜூன் 13

என் இல்லத்து ஆயா போன் செய்தாள். பையன் பாலைத் தவிர எதையும் தொடவில்லையாம். வந்த புதிதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

ஜூன் 14

பையன் இன்றும் சாப்பிடவில்லை. மீசையிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் இன்னும் முறுக்கிக்கொள்வார்.

ஜூன் 16

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மீசை கத்திக்கொண்டே உள்ளே வந்தார். அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து காணோம். “எல்லாம் உங்க பிடிவாதம்!”

“உங்க பிள்ளையப் பாத்துக்கத் துப்பில்ல, என்னைச் சொல்றீங்களா?”

அலுவலகமே எட்டிப் பார்த்தது. பிறகு ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், அவர்கள் இருந்த தெரு. எங்கேயும் இல்லை. ஐயோ, பள்ளிக்கூடத்துக்கு முன்னால லாரி போற ரோடு. சின்னப் பொண்ணு —

பொழுது சாயத் திரும்பி வந்தால், எங்கள் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். தம்பியைக் கடைசியாகப் பார்த்த இடம் அதுதானே. அழவில்லை. “அவனை எங்க வச்சிருக்கீங்க?” என்றாள், ஏதோ நான் திருடியவள் மாதிரி.

நான்தான் என் இல்லத்துக்கு அழைத்துப் போனேன். ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். அந்தப் பொடியன் அவளை அடித்தான், கையைக் கடித்தான். விட்டுவிட்டுப் போனாளாம். கடித்துத் தீரும்வரை பொறுத்துக்கொண்டாள். அப்புறம், “போதும்டா எருமை, வாயைத் திற.”

திறந்தான்.

ஆயா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜூன் 17

அக்காவை என் இல்லத்தில் வைக்க விதி இல்லை. தம்பிக்கு அவரிடம் வசதி இல்லை. இயக்குநர் அம்மாவுக்கு அலுத்துவிட்டது. “ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துட்டு வெளிய வாங்க” என்று எங்களைத் தன் அறையிலேயே விட்டுப் போய்விட்டார்.

“என் கட்டில் ஒண்ணையும் ஒரு ஆயாவையும் உங்க இல்லத்துக்கு அனுப்பறேன்” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இன்றைக்கு ஒரு கட்டில், நாளைக்கு மொத்தப் பிரிவும் போகும்.

“அப்போ ஆயா எனக்குக் கீழயா?”

“கனவு காணாதீங்க. தினமும் நான் வந்து பார்ப்பேன்.”

“வாங்க. கேட்டைப் பூட்டியே வைக்கிறேன்.”

ஜூலை 2

பயந்தபடியே ஆயிற்று. அண்ணன் தங்கை, அக்கா தம்பி என்று இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொருவராக மீசையின் இல்லத்துக்கே போகிறார்கள். என் பிரிவின் பலகையைக் கழற்றிவிட்டார்கள். நான் இனி பிரிவுத் தலைவி இல்லை, குடும்ப அலுவலர். மீசையும் அதேதான். அந்த மட்டும் நிம்மதி.

ஜூலை 19

அந்த அக்கா தம்பியின் அம்மா வந்தாள், கைத்தடி ஊன்றிக்கொண்டு. நின்றபடியே கேட்டாள்: “என் பிள்ளைங்களைப் பிரிச்சது யாரு?”

மீசை தொண்டையைச் செருமினார். “அது... அப்போ இருந்த விதிம்மா.”

எனக்காகப் பூசி மெழுகுகிறாரா? இவர் தயவு எனக்கு எதற்கு?

“விதி இல்லம்மா. நான்தான் பிரிச்சேன்.”

“உங்க பிள்ளைங்களா இருந்தா செஞ்சிருப்பீங்களா?”

இரண்டையும் அழைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கைத்தடி சும்மா இருந்திருக்காது.

சாயங்காலம் புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். அண்ணனுக்குப் பதினொன்று, தங்கைக்கு மூன்று. மீசை அவர்களுடைய கோப்பை இரண்டு மேசைக்கும் நடுவில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “யாருக்கு மேடம் இது?”

“முதல்ல ரெண்டும் சாப்பிட்டுச்சான்னு கேளுங்க.”

கேட்கப் போனார். போகிற போக்கில் என் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனது அந்தப் பிசாசு.