வேடியப்பன் கன்னத்துப் பஞ்சு

அடி அண்ணாமலை
14.9.2008

அன்பு மகன் செழியனுக்கு,

சித்தப்பா அருணகிரி எழுதுவது. நீயும் எழிலரசியும் குழந்தை கவிநிலாவும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் நம் வழக்கம், நீ அமெரிக்கா போன பத்து வருஷத்தில் நான் போட்ட அத்தனை கடிதத்திலும் அப்படித்தான் இருக்கும், புயலில் மாட்டுக்கொட்டகைக் கூரை பறந்துபோன வருஷம்கூட அப்படித்தான் எழுதினேன். இந்தத் தடவை கை வரவில்லை. உன் சித்தி ரேணுகாம்பாள் நலம், மாடிப்படி ஏறும்போது மட்டும் முட்டிவலி. நான் நலம், வெட்கப்பட வேண்டிய அளவுக்கு நலம். உன் அம்மா நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே, பிளேன் டிக்கெட் எல்லாம் பார்க்காதே. அண்ணியின் மனசு சரியில்லை, அதற்கு நான்தான் காரணம், நீ இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் பாதியில் ஏதாவது ஒரு கேலி பேசி வழுக்கிக்கொண்டு போய்விடுவேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். காகிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது என்று ரேணுகா சொன்னாள், அவளே பேனாவும் பேப்பரும் எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறாள்.

ஊர்ச் சேதி என்றால் நாளைக்குப் பௌர்ணமி, இன்றைக்கே கிரிவலப் பாதையில் ஜனம் ஆரம்பித்துவிட்டது. மழை இந்த வருஷம் கம்மி, மல்லாட்டைக் கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் பாதிதான் கடலை பிடித்திருக்கிறது. நம் மாடி அறையில் புதிதாக ஒரு ஜெர்மன்காரர் குடி வந்திருக்கிறார், கொல்லைப்புறத்து மாமரத்துக்கு வயது தொள்ளாயிரம் என்றும் சித்தர் ஒருவர் அதன் கொட்டையைத் துப்பிவிட்டுப் போனார் என்றும் நான் சொல்லப்போக, அவர் அதைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடி நின்றார், நீ பத்தாவது பரீட்சை எழுதிய வருஷம் உன் சித்தி நட்ட மரம் அது. பார்த்தாயா, விஷயத்துக்கு வராமல் மலையைச் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அறுபத்திரண்டு வயது வரைக்கும் இந்த வாய் நூறு சொன்னால் அதில் எழுபது ஜோடனை, அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் மிச்சக் கடிதத்தை நீ படிப்பாய், அதுதான் இப்போது என் பயம்.

முதலில் குதிரை விவகாரம். நம் முன்னோர் செஞ்சிக் கோட்டையில் ஆயிரம் குதிரைக்குத் தளபதி, கோட்டை விழுந்த அன்று ராத்திரியோடு ராத்திரியாகப் பாதிக் குதிரைகளோடு இந்த மலையடிக்கு வந்து சேர்ந்தவர், என்று உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நான் சொன்ன கதையைத்தானே நீ கவிநிலாவுக்குச் சொன்னாய், அது பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள் என்று ஆரம்பித்ததுதானே இவ்வளவும். செழியா, தளபதியும் இல்லை கோட்டையும் இல்லை. என் தாத்தாவின் அப்பா திருவண்ணாமலை ரயிலடியில் ஜட்கா வண்டிக் குதிரைகளுக்குப் புல்லுக்கட்டு விற்றவர், அவ்வளவுதான். அந்தப் புல்லைத் தின்ற குதிரைகளை நான் கூட்டிக் கூட்டி ஆயிரமாக்கிவிட்டேன். குழந்தையின் படத்தில் புல் விற்றவர் என்றே எழுதச் சொல். நீ போனில் சிரித்துக்கொண்டே, சித்தப்பா அந்தத் தளபதியைக் கண்டுபிடிக்க வாய் உட்பக்கத்தைத் தேய்த்து அனுப்பினால் போதும், டி.என்.ஏ. பார்த்துச் சொல்லிவிடுவார்கள், என்னோடதை நான் கொடுத்துவிட்டேன், அப்பா இல்லாததால் உங்களோடதும் இருந்தால் ஒத்துப் பார்க்கலாம், அப்பாவிடமிருந்து மகனுக்கு மாறாமல் வருகிற சமாச்சாரம் அது, அண்ணன் தம்பிக்குள் ஒன்றாகத்தான் இருக்கும் என்றாய். அப்போதே, டேய் தளபதியே கிடையாதுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை. தளபதியைத் தேடி அமெரிக்காவே கிளம்பிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

கூரியரில் டப்பா வந்தது ஆனி மாசம். பஞ்சு சுற்றிய குச்சி மூன்று, சின்னக் குழாய் மூன்று, ஒன்று தவறினால் இருக்கட்டும் என்று கூட ஒன்று. ஒரு மணி நேரம் எதுவும் தின்னாமல் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கன்னத்தின் உட்பக்கம் நன்றாகத் தேய்க்க வேண்டும் என்று நீ விளக்கினாய். விளக்கிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாய், உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. "அந்தப் பஞ்சுல உங்க ஜாதகமே இருக்கு சித்தப்பா, ஒண்ணையும் மறைக்க முடியாது." நீ விளையாட்டாகச் சொன்னாய், நான் டப்பாவை மூடி அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டேன். ஏன் என்று இப்போது எழுதத்தான் வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாயில் வெள்ளைத் திட்டு வந்து நீ லீவு போட்டு வந்து வேலூருக்கு அழைத்துக்கொண்டு போனாயே, இனி வெற்றிலை புகையிலை தொட்டால் வாயை அறுக்க வேண்டிவரும் என்று அந்த டாக்டர் சொன்னாரே, நான் கவிநிலா தலையில் கை வைத்து இன்றோடு விட்டேன் என்று சொன்னேனே. விடவில்லை. நாற்பது நாள் விட்டேன், நாற்பத்தொன்றாம் நாள் பிடித்துக்கொண்டேன். அங்கே உன் சிநேகிதர்களிடம் எல்லாம் என் சித்தப்பா ஒரே நாளில் விட்டவர், இரும்பு மனுஷன் என்று நீ சொல்லுவதாக எழிலரசி சொன்னபோது இந்த இரும்பு மாமரத்துக்குப் பின்னால் நின்று துப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பஞ்சை என் வாயில் விட்டால் உங்கள் மெஷின் பன்னீர்ப் புகையிலை என்று பெரிய எழுத்தில் அடித்து உனக்கு அனுப்பிவிடும் என்றுதான் நான் முழுசாக நம்பினேன். இதில் துளிகூட மிகை இல்லை செழியா, நான் அவ்வளவு பெரிய முட்டாள்.

அதனால் என்ன செய்தேன் என்றால், டப்பாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருக்கோடியில் டீக்கடை வைத்திருக்கிற வேடியப்பனிடம் போனேன். ஊரில் சுத்தமான வாய் யாருக்கு என்று யோசித்தால் அவன் ஒருத்தன்தான், பீடி இல்லை, வெற்றிலை இல்லை, டீக்கடைக்காரன் டீகூடக் குடிக்கமாட்டான். அமெரிக்காவிலிருந்து இலவசப் பல் பரிசோதனை வந்திருக்கிறது, வாயைத் திற என்றேன். "அண்ணே, இந்தக் கடவாப்பல்லு ஆடுது, அதையும் சேத்துப் பாப்பாங்களாண்ணே" என்று கேட்டுவிட்டு ஆ என்று காட்டிக்கொண்டு நின்றான். மூன்றில் இரண்டு குச்சியை அவன் கன்னத்தில் தேய்த்துக் குழாயில் போட்டு, மேலே அருணகிரி என்று என் பெயரை முத்து முத்தாக எழுதி அனுப்பிவிட்டேன். தளபதி இருந்தாரா இல்லையா என்றுதானே பார்க்கப்போகிறார்கள், இல்லாத தளபதி என் வாயிலும் இருக்கமாட்டார் அவன் வாயிலும் இருக்கமாட்டார் என்று சமாதானம் வேறு. ஒத்துப் பார்ப்பது என்றால் என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவே இல்லை.

போன மாசம் சனிக்கிழமை காலையில் நீ கூப்பிட்டு, நீங்களேதானே தேய்த்தீர்கள் என்று இரண்டு தடவை கேட்டாய். அண்ணாமலையார் சத்தியமாக நானேதான் என்றேன். அந்தச் சத்தியம் கேட்காமலே வந்து விழுந்தது. நீ மெதுவாக, நாம் ரெண்டு பேரும் ஒரே வம்சம் இல்லை என்று வந்திருக்கிறது சித்தப்பா என்றாய். அப்போதுகூட நான் என்ன சொன்னேன், நீ தளபதி வம்சம், நான் குதிரைக்காரன் வம்சம், போடா என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. சிரிக்கவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது, உறைத்தும் மெஷின் தப்பு என்று நீயே விட்டுவிடுவாய் என்று சும்மா இருந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியது எனக்குத் தெரியாது.

இந்த மாசம் மூன்றாம் தேதி புதன்கிழமை மாடி அறைச் சாவியை எடுக்க உள்ளே போனால், அண்ணி தகரப்பெட்டியைத் திறந்து கூடத்தில் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை, நீ பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, அண்ணன் லாரியில் பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அங்கிருந்து போட்ட இன்லண்ட் கடிதம் மூன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடிதங்களில் தபால் முத்திரையை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். என்ன அண்ணி என்றேன். "தம்பி, இதுல என்ன தேதி அடிச்சிருக்குனு படிங்க. செழியன் வயித்துல வந்தப்ப உங்க அண்ணன் ஊர்லதான் இருந்தாரு, மல்லாட்டை புடுங்கறதுக்கு நின்னுட்டாரு, அந்த நடை போவலை. உங்களுக்கு ஞாபகம் இருக்குதா? இருந்தா ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் அப்பா எத்தனை மாசம் ஊரில் இருந்தார் என்று போனில் கேட்டாயாம், ஏன்டா என்றதற்கு, சும்மா, குடும்ப வரலாறுக்கு என்றாயாம். அதற்குமேல் அண்ணி உன்னை ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, புரிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், அண்ணன் போய் முப்பது வருஷம் கழித்து, பெற்ற பிள்ளைக்குக் காட்ட சாட்சி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள், என்னை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், புகையிலை, வேடியப்பன், சத்தியம் எல்லாம். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டு முடித்துவிட்டு இன்லண்ட் கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்தார்கள். மடித்துக்கொண்டே, "அந்த டப்பா தப்பா இருக்குமோனு அவனுக்குத் தோணலை பாருங்க. உங்களை இன்னொரு வாட்டி தேய்ச்சு அனுப்புங்கனு கேக்கலை. நேரா என்னைத்தான் கேட்டான்" என்றார்கள். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, உனக்கு அப்படித் தோன்றும்படி சத்தியம் செய்தவன் நான். அப்பா இல்லாத பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொள்வேன், அந்தப் பிள்ளை தன் அப்பா யார் என்று யோசிக்கும்படி வைத்தவனும் நானேதான். இத்தனை நாளாக அண்ணி முகத்தைப் பார்த்துச் சாப்பாடு கேட்க முடியவில்லை. வேடியப்பனிடமும் போய் உண்மையைச் சொன்னேன், அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என் கடவாப்பல்லைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையாண்ணே" என்றான். சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை.

மிச்சமிருந்த மூன்றாவது குச்சியால் நேற்றுக் காலையில் அண்ணியும் ரேணுகாவும் இரண்டு பக்கமும் நிற்க என் கன்னத்தையே தேய்த்தேன், புகையிலையை விட்டுப் பதினோரு நாள் ஆகிறது. குழாயில் போட்டு மூடி இந்தக் கடிதத்தோடு வைக்கப் போனேன். அண்ணி கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். "குழாயைப் பாத்துட்டு அவன் எனக்குப் போன் பண்ணினா, அந்தப் போன் எனக்கு வேணாம் தம்பி. முதல்ல பேசட்டும், அப்புறம் அனுப்பறேன்" என்று சொல்லித் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆகையால் இந்தக் கவரில் குழாய் இல்லை, தேடாதே. உனக்கு இப்போது கிடைப்பது என் வார்த்தை மட்டும்தான், அதற்கு இந்த ஊரில் என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியும், எனக்கும் இந்தப் பதினோரு நாளாகத் தெரியும். உன் காலையும் என் காலையும் வைத்து ஒரு அத்தாட்சி எழுத நினைத்தேன், கட்டைவிரலைவிடப் பக்கத்து விரல் நீளம், அண்ணனுக்கும் அப்படித்தான். அண்ணி அதையும் எழுதக் கூடாது என்றார்கள். எழுதிவிட்டேன், அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்.

குளிர் ஆரம்பிக்கும் முன்னால் குழந்தைக்குக் காது மூடுகிற தொப்பி வாங்கிக் கொடு. எழிலரசியிடம் என்னைப் பற்றி மறைக்காமல் சொல். நீயும் அவளும் குழந்தையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அந்த நூறு மட்டும் நான் கூட்டாமல் சொல்வது. முக்கியமாக ஒன்று. காலை ஆறரைக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து முடித்துவிட்டு அண்ணி போன் பக்கத்தில்தான் காய் நறுக்குவார்கள், அந்த நேரத்துக்குக் கூப்பிடு. என் செல்லுக்கு வேண்டாம், வீட்டு நம்பருக்குக் கூப்பிடு. குடும்ப வரலாறு எதுவும் கேட்காதே, என்ன குழம்பு என்று கேள்.

வெட்கத்தோடும் ஆசீர்வாதத்தோடும்,
உன் சித்தப்பா
அருணகிரி

பி.கு. ஒட்டுவதற்கு முன்னால் அண்ணிக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு திருத்தம் சொன்னார்கள். ஒன்று, இத்தனை நாளும் நான் அவர்கள் கையால்தான் சாப்பிட்டேன், கேட்கவில்லையே தவிர ஒரு வேளையும் விடவில்லை. இரண்டு, "போன புதன்கிழமை மாமரத்துக்குப் பின்னாடி துப்புனது யாரு தம்பி" என்றார்கள். ஆக, புகையிலையை விட்டுப் பதினோரு நாள் இல்லை, நாலு நாள். கடிதத்தில் வேறு எங்கேயும் அவர்கள் கை வைக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, கடுதாசி அங்கே போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். பத்து நாள் என்றேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.