காலைச் சுத்திப் போகும் மெஷின்

அம்மாவுக்கு வணக்கம். முட்டி வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

தானே ஓடி ஓடிப் பெருக்குற மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கேன். நேத்து குளிச்சிட்டிருந்தப்போ, கட்டிலுக்கடியில ஒரு பொம்பளைக் குரல் "உதவி தேவை"ன்னு கத்துச்சு. பதறியடிச்சு, துண்டோட ஓடி வந்து பார்த்தா, மெஷின் என் சாக்ஸை முழுங்கிட்டு முழிக்குது!

மத்தபடி அது வாயே திறக்காது. நான் உட்கார்ந்திருந்தா, காலைச் சுத்திக்கிட்டுப் போயிடும்.

அதோட குரலை மாத்திக்கலாமாம். நீ பெருக்கும்போது "காலைத் தூக்குடா, எருமை"ன்னு திட்டுவியே, அதை அப்பா போன்ல பேசி அனுப்பேன். கூப்பிட்டுக் கேட்கக் கூச்சமா இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

கோவமாவே சொல்லும்மா. அன்பா சொன்னா நான் தூக்க மாட்டேன்.

வேலைக்கு நேரமாச்சு.

உன் எருமை