முதல் வரிசை, நான்காவது குழி

அக்டோபர் 11, சனி

மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். காலை ஆறரைக்குக் கல்லறைத் தோட்டம். வருகிறேன் என்றவர்கள் பதினான்கு பேர். வந்தவர்கள் ஐந்து.

கொண்டுபோனது: மண்வெட்டி 2, அரிவாள் 3, கடப்பாரை, தண்ணீர் கேன். கையுறை மறந்துவிட்டேன். வேலிக்காத்தான் முள் இடது கட்டைவிரலில். இன்னும் உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிழக்குச் சுவரோரம் முழுக்கச் சுத்தம். கடல் பக்கத்து கேட் துருப்பிடித்து ஒரு கீலில் தொங்குகிறது. வெல்டிங் ஆளிடம் சொல்ல வேண்டும்.

கல்லறைக் கமிட்டித் தலைவர் ஏசுதாஸ் அண்ணன் (பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர்) புல்லை அறுத்துக்கொண்டே புலம்பல்: “இன்னா செக்ரட்ரி, பொதைக்கணும்னா அம்மாம் பேரும் வரான். புல்லு புடுங்கணும்னா ஒருத்தனும் காணோம்.”

மூலையில் இருந்த கடைசி இடமும் போன மாதம் போய்விட்டது. இனி ஊரில் யார் இறந்தாலும் இடம் இல்லை. நாளை கூட்டத்தில் முடிவு செய்தாக வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கோயில் வராந்தாவில் கூட்டம். ஃபேன் ஓடவில்லை. தீர்மானங்கள்:

1. இனி யாரும் கல்லறைக்கு சிமெண்ட் கட்டக் கூடாது.

2. பதினைந்து வருடம் கடந்த மண் கல்லறைகளை, முதல் வரிசையிலிருந்து எண்படி, மறுபடி தோண்டலாம். எலும்பு கிடைத்தால் துணியில் கட்டி அதே குழியின் அடியில் வைக்க வேண்டும்.

3. யாருக்காகவும் வரிசை மாறாது.

மூன்றையும் எழுதியது நான். படித்ததும் நான்.

மீன் வண்டி ஓட்டும் சவரிமுத்து அண்ணன் எழுந்து ஒரே கத்தல். காலையிலேயே போட்டிருந்தார். “எவன் வூட்டு எலும்ப எவன்டா நோண்டறது? செத்தவன நிம்மதியா படுக்க வுட மாட்டீங்களா?” அவர் மகள் ஜெனிட்டா, “நைனா, வா, போலாம் வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் கை தூக்கினார்கள். நிறைவேறியது.

நல்ல காரியம் செய்த திருப்தி. மதியம் கறிக்குழம்பு. நல்ல தூக்கம்.

அக்டோபர் 15, புதன்

பம்ப் ஹவுஸில் காலை ஷிஃப்ட். மோட்டார் சத்தம் இன்னும் காதில்.

சாயங்காலம் கல்லறைப் பதிவு நோட்டை எடுத்துப் பட்டியல் போட உட்கார்ந்தேன். பாதிப் பக்கம் கரையான் தின்றிருக்கிறது. முதல் வரிசையில் 1, 2, 3 மூன்றும் ஏற்கெனவே சிமெண்ட் கட்டியவை. தொட முடியாது. அடுத்து:

4. ஆண் குழந்தை. இரண்டு நாள். த/பெ அந்தோணி.

என் பெயர்தான். பத்தொன்பது வருடம் ஆகிறது.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். எண்தான் மறந்துபோயிருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து துண்டில் சுற்றி மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தேன். ரெஜினா அப்போது வார்டில், காய்ச்சலோடு. அவள் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு முறை கேட்டாள். கேட்டில் நின்றபடியே, அதோ அந்தப் பக்கம் என்று கை காட்டினேன். அப்புறம் அவளும் கேட்கவில்லை. பிறகு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், இப்போது நர்சிங் ஹாஸ்டலில்.

ரெஜினாவிடம் சொல்லவில்லை. அடுத்த சாவு எப்போதோ. ஆறு மாதம்கூட ஆகலாம்.

அரிசி மூட்டைக்குச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 21, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. தெருவெல்லாம் நனைந்த பட்டாசுக் காகிதம்.

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார். கோவளத்தில் மீன் பெட்டி இறக்கும்போது நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அடக்கம் நாளை நான்கு மணிக்கு.

ஏசுதாஸ் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தோ பாரு அந்தோணி, நாலாவது உன்னுதுடா. அத்த வுடு. அஞ்சாவதுக்கு எழுதிக் குடு. எவன் வந்து நோட்டப் பாக்கப் போறான்?”

ஐந்தாவது பாக்கியம் அக்காவின் கணவர். அக்கா மகளோடு பெங்களூரில். இங்கே கேட்க யாருமில்லை.

குழி வெட்டும் கன்னியப்பனுக்குச் சீட்டு எழுதினேன். ‘முதல் வரிசை, எண் 5.’ யோசிக்கவே இல்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

சாயங்காலம் ரெஜினா துக்க வீட்டிலிருந்து திரும்பினாள். அங்கே பெண்கள் பேசியிருக்கிறார்கள். ஈரப் புடவையைக்கூட மாற்றவில்லை.

“நாலாவது நம்ம புள்ளயா?”

ஆமாம் என்றேன்.

“அப்புறம் ஏன் அஞ்சாவது வெட்டறாங்க?”

துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

“அஞ்சாவது யாரு?”

“பாக்கியம் அக்கா வூட்டுக்காரரு.”

“அந்த அக்காவ கேட்டியா?”

“நம்பர் இல்ல.”

“இன்னா ஞாயம் இது? அது ஊர்ல இல்லன்னு அது புருசன நோண்டுவ. உன்னுத மட்டும் பத்திரமா மூடி வெச்சிக்குவ.”

“உனக்காகத்தான்...”

“எனக்காவா? இத்தினி வருசமா எடத்தயே காட்டல. இப்ப வந்து எனக்காவன்ற.”

சோறு போட்டாள். அவள் சாப்பிடவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “காலைல நானும் வரேன்.”

அக்டோபர் 22, புதன்

தூறல். ஆறு மணிக்கு இரண்டு பேரும் போனோம். கன்னியப்பன் அதற்குள் ஐந்தாவதில் ஒரு சாண் வெட்டியிருந்தான். நிறுத்தச் சொன்னேன்.

“சீட்டுல அஞ்சுன்னு கீதே அண்ணாத்த?”

“தப்பா எழுதிட்டேன்பா.”

அப்போதும் பொய். ரெஜினா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கன்னியப்பன் ஐந்தாவதை மூடி, மேலே மிதித்துச் சமப்படுத்திவிட்டு நான்காவதுக்கு வந்தான். அங்கே மேடுகூட இல்லை. கோரைப் புல் மட்டும். மூன்றாவது கல்லறையின் சிமெண்டிலிருந்து அடி வைத்து அளந்து நான்தான் இடம் காட்டினேன்.

ஏசுதாஸ் அண்ணன் வந்தார். என்னிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். ரெஜினாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் போய் அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி வரை நின்றார். அவர் நனைந்தார்.

இரண்டடி. மூன்றடி. கன்னியப்பன் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் துழாவினான். ஒரு பிடி எடுத்து விரலால் உதிர்ப்பான், மறுபடி எடுப்பான்.

“ஒண்ணும் இல்லியா?” ரெஜினா.

“ஒண்ணும் இல்லம்மா. வெறும் மணலு.”

“நல்லா பாத்தியா?”

“பாத்துட்டேம்மா. கடலோர மண்ணு, பச்ச எலும்பு. எங்க நிக்கப் போது.”

அவள் விளிம்பில் குந்தி உட்கார்ந்து ஒரு கை மண் அள்ளினாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். “சில்லுனு கீது,” என்றாள். திரும்ப உள்ளேயே போட்டாள். அழவில்லை. நான்தான் அழுதேன். கன்னியப்பன் பீடி பற்றவைக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் போய்விட்டான்.

நான்கு மணிக்கு அடக்கம். நல்ல கூட்டம். ஃபாதர் சுருக்கமாக முடித்தார், மழைக்குப் பயந்து. பெட்டி இறங்கியபோது ரெஜினா ஜெனிட்டாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி நடந்தோம். பெட்டிக்கடை தாண்டியதும் அவளாகவே:

“குடிப்பான்தான். ஆனா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள பாத்தா வண்டிய நிறுத்தி ஏத்திகினு போவான். அதுங்க மேலெல்லாம் மீன் நாத்தம் அடிக்கும்.” சிரித்தாள். “புள்ள தனியா கெடந்துச்சு. இப்ப ஆளு வந்துச்சு.”

அக்டோபர் 26, ஞாயிறு

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சீட்டில் எண்ணை மாற்றி எழுதியது நான், தெரிந்தேதான் செய்தேன், செயலாளர் பதவி வேண்டாம். ஏசுதாஸ் அண்ணன் உட்கார்ந்தபடியே, “சொல்லிக் குட்தது நானு. அப்போ நானும் போறேன்” என்றார். பின்னாலிருந்து ஒருவர்: “ரெண்டு பேரும் போய்ட்டா கேட்ட யாரு சரி பண்றது?” கூட்டம் முடிந்தது.

பாக்கியம் அக்கா நம்பர் கிடைத்தது. பேசினேன். ஒரு சாண் வெட்டி மூடியதைச் சொன்னேன். “சொன்னியே, அது போதும்பா” என்றார்.

வெல்டிங் ஆள் வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். லேசான மேகம், கடலிலிருந்து பலத்த காற்று. நேற்று பதினொரு பேர் வந்து புல் அறுத்தார்கள். ரெஜினாவும்.

இன்று சாயங்காலம் எல்லோரும் பூ, மெழுகுவத்தி, ஊதுவத்தியோடு. ஜெனிட்டா அப்பாவின் மேட்டில் செவ்வந்தியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். ரெஜினா நாலடி தள்ளியே நின்றாள், கையில் மெழுகுவத்தியோடு. இப்போது அது சவரிமுத்து அண்ணன் கல்லறை. எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்.

ஜெனிட்டா திரும்பிப் பார்த்தாள். “இன்னாக்கா அங்கியே நின்னுகினுகீற? இப்டி வா. தலமாட்டுல நைனாக்கு, கால்மாட்டுல தம்பிக்கு.”

நகர்ந்து இடம் விட்டாள். ரெஜினா உட்கார்ந்து ஏற்றினாள். அணைந்தது. மறுபடி ஏற்றினாள். ஜெனிட்டா இரண்டு கையையும் குவித்துக் காற்றை மறைத்துக்கொண்டு கேட்டாள்: “தம்பிக்கு இன்னா பேருக்கா வெச்சீங்க?”

பெயரே வைக்கவில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

“ஆல்பர்ட்,” என்றாள் ரெஜினா.