வயரைப் பிடுங்கிவிட்டு

மார்ச் 3, செவ்வாய்

வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். பால் சோதிக்கும் அறை அப்படியே இருக்கிறது. அதே புளித்த வாடை, அதே ஆட்டம் காணும் ஸ்டூல். என் வெள்ளைக் கோட்டை மட்டும் யாரோ துவைத்து ஆணியில் மாட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே விசாரிப்பு: "மஞ்சள் காமாலை சரியாயிடுச்சா?" சரியாயிடுச்சு, சரியாயிடுச்சு என்று சொல்லிச் சொல்லி, எனக்கு நிஜமாகவே காமாலை வந்து போனதாக நானே நம்பிவிடுவேன் போலிருக்கிறது. இன்று காலை கண்ணாடியில் கண்ணை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். மஞ்சளாக இல்லை.

மனநல ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தது தங்கச்சிக்குத் தெரியும். இந்த நோட்டுக்குத் தெரியும். அது போதும்.

மார்ச் 5, வியாழன்

தலைமை அலுவலகத்திலிருந்து மெயில். எடுத்த விடுப்பு செல்லுபடியாக வேண்டுமென்றால், சிகிச்சைக் காகிதங்கள் அத்தனையையும் பதினாறாம் தேதிக்குள் அவர்களுடைய தளத்தில் ஏற்ற வேண்டும். ஒரே பிடிஎஃப். கோப்பின் அளவு ஒரு எம்பிக்கு மேல் போகக்கூடாது. ஏற்றாவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் வராதவள் என்று கணக்கு. வேலைக்கு வேட்டு.

அங்கே ஒரு டாக்டர் மட்டும்தான் பார்ப்பாராம். பார்க்கட்டும், அது அவர் தொழில். இங்கே யாரும் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

ஃபோனில் படமெடுத்துச் சேர்த்தேன். முப்பத்தெட்டு எம்பி. பாதிப் பக்கத்தில் என் கட்டைவிரல். மீதிப் பக்கத்தில் போர்வையின் பூப்போட்ட ஓரம்.

மார்ச் 6, வெள்ளி

ஜிப் அண்ணன் வந்து நின்றார். எங்கள் கணக்கர். இங்கே யாருக்கு எந்தக் கோப்பைச் சின்னதாக்க வேண்டுமென்றாலும் அவரிடம்தான் கொண்டு போவார்கள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். மேனேஜர் சொல்லிவிட்டார் போல. "ஏதோ பேப்பர் ஏத்தணுமாமே, குடுங்கம்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார்.

ரெண்டு நிமிஷ வேலைதான். முகம் தெரியாத ஏதோ ஒரு தளத்துக்கு அனுப்புவார், சின்னதாகித் திரும்பி வரும். அவர் கணினித் திரை முழுக்க அடுத்தவர் கோப்புகள்தான். மேனேஜரின் வீட்டுக் கடன், டிரைவர் மகனின் மார்க் ஷீட். அந்தப் பையன் கணக்கில் கோட்டை விட்ட கதை இங்கே திரியும் பூனைக்குக்கூடத் தெரியும். யார் வாயிலிருந்து வந்திருக்கும்?

"இன்னும் ரெடியாகலண்ணே" என்று மழுப்பி அனுப்பினேன்.

நல்ல மனுஷன்தான். அதுதான் பிரச்சனையே. பைத்தியம்னு சொல்றவனை நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிடலாம். ஐயோ பாவம்னு பார்க்கிறவங்களை நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 8, ஞாயிறு

தங்கச்சி ஒரு வழி சொன்னாள். பிரவுசரில் திறக்கிற ஒரு பக்கம். கோப்பு எங்கேயும் போகாதாம், நம் கணினிக்குள்ளேயே சின்னதாகிவிடுமாம். எழுதியும் போட்டிருக்கிறார்கள். கேனில் கூடத்தான் "சுத்தமான பால்" என்று எழுதியிருக்கிறது. தினமும் அதைத்தானே சோதித்துப் பார்க்கிறேன்?

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, எழுந்துபோய் சுவரிலிருந்த இன்டர்நெட் பெட்டியின் வயரையே பிடுங்கினாள்.

"இப்போ பண்ணு. நெட்டே இல்ல. எங்க போகும் உன் பேப்பர்?"

முதலில் கரண்ட் பில்லைப் போட்டுப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்னதாகி வந்தது. இன்னொரு பில். அதுவும் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து! அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஏதோ வேலை இருப்பது போல சமையலறைக்குள் போய்விட்டாள்.

என் கட்டைவிரல் படங்களை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாள். ஒழுங்காக ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் காலி. ஸ்கேனரில் ஒவ்வொரு பக்கமாக வைத்து ஒரே கோப்பாக எடுத்தேன். டிஸ்சார்ஜ் காகிதம் வந்தபோது வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். பென் டிரைவில் போட்டுக்கொண்டு, திரையில் இருந்ததை அழித்தேன். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கில்லாடிதான் நான்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்றிரவு அவசரத்தில் இருப்பதிலேயே பலமான அழுத்தத்தைக் கொடுத்துவிட்டேன். கோப்பு கொசு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் டாக்டரின் முத்திரை மை கொட்டிய கறையாகத் தெரிந்தது, கையெழுத்தில் வால் மட்டும் மிச்சம். தங்கச்சி, "அக்கா, உன் நோயையே அழிச்சிட்டியே" என்றாள். நடுத்தர அளவில் வைத்து, நிறத்தை எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். ஒரு எம்பிக்குக் கொஞ்சம் கீழே. எல்லா எழுத்தும் படிக்க முடிகிறது. வயரைத் திரும்பச் செருகி, நேரே அவர்கள் தளத்தில் ஏற்றினேன்.

முடிந்தது.

மார்ச் 13, வெள்ளி

நன்றாகத் தூங்குகிறேன். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 17, செவ்வாய்

ஐயோ. எப்படி எழுதுறது இதை.

ஒன்பதாம் தேதி பால் வரவு ரசீது ஒன்றில் தகராறு. பொது ஃபோல்டரில் ஸ்கேன் இருக்கும், எடுத்துத் தாருங்கள் என்றார் மேனேஜர். அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். அந்த மெஷினில் எதை ஸ்கேன் செய்தாலும் ஒரு நகல் தானாக அங்கே போய் விழுமாம். ஆபீசில் எல்லோரும் திறக்கிற ஃபோல்டர்.

ரசீதை விட்டுவிட்டு என்னுடையதைத் தேடினேன். வரிசையாக எண் போட்டு இருக்கிறது. ஒன்பதாம் தேதி மதியம் நாற்பது இருக்கு, நாற்பத்திரண்டு இருக்கு. நாற்பத்தொண்ணு இல்ல. அதுதான் என்னோடது. யாரோ எடுத்திருக்காங்க.

வீட்டுல வயரைப் பிடுங்கினேன், கதவைச் சாத்தினேன். இங்க நடு ஹால்ல விரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேனே!

யாரு? எத்தனை பேரு?

மார்ச் 18, புதன்

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த ஃபோல்டரை ஒழுங்குபடுத்துவது ஜிப் அண்ணன் வேலையாம். அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். "நாற்பத்தொண்ணு" என்றுதான் வாயில் வந்தது.

அவர் பேனாவை மூடி வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அன்னிக்கே அழிச்சிட்டேம்மா. ரசீதுன்னு நினைச்சுத் திறந்தேன். முதல் பக்கம் பார்த்ததும் மூடிட்டேன். வேற யாரும் அதுவரை திறக்கல."

யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்றது? நீங்க மஞ்சள் காமாலைன்னுதானே சொன்னீங்க. எனக்கு அதுதான் தெரியும்."

முகத்தில் பரிதாபம் ஒன்றும் இல்லை. தேடித்தான் பார்த்தேன், இல்லை. உடனே கணக்குக்குள் குனிந்துகொண்டார். நான் சோதனை அறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கோட்டைத் துவைத்து மாட்டியதும் அவர்தானோ? கேட்டால் இல்லை என்பார்.

சாயங்காலம் டிரைவரிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். மகன் பெயிலானதை அவரே எல்லோரிடமும் சொல்லித் திட்டித் தீர்த்தாராம். அட கடவுளே. நான் யாரை எப்படி நினைத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

ஜிப் அண்ணனுக்குத் தங்கச்சி சொன்ன அந்தப் பிரவுசர் பக்கத்தைக் காட்டினேன். இனிமேல் ஊர் பேர் தெரியாத தளத்துக்கு யாருடையதையும் அனுப்பாதீங்க என்றேன். அவரும் நம்பவில்லை. கணினிக்குப் பின்னால் கையை விட்டு நெட் வயரைப் பிடுங்கிக் காட்டினேன். மனுஷன் வாயைப் பிளந்துவிட்டார். திரையில் கிடந்த அடுத்தவர் கோப்புகளை, அவரவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உட்கார்ந்து அழித்தார்.

ஏப்ரல் 10, வெள்ளி

விடுப்பு செல்லும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஒரே வரி. தங்கச்சி அதைப் படித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

எல்லோரும் கிளம்பிய பிறகு ஜிப் அண்ணன் சோதனை அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பென் டிரைவ். இந்த மனுஷன் ஒரு வேலையை இன்னொருவரிடம் கொண்டுவந்து நான் பார்த்ததே இல்லை.

"ஒரு ஃபைல் சின்னதாக்கணும். முத்திரை கறையாகாம இருக்கணும். நானா பண்ணினா தப்பாயிடுமோன்னு பயமா இருக்கும்மா."

கண் இரண்டும் சிவந்திருந்தது. என்ன ஃபைல் என்று நான் கேட்கவில்லை. அவராகவே, "வீட்டு வரி ரசீது" என்றார்.

அவர் மேஜைக்குப் போனோம். பக்கத்தைத் திறந்து கொடுத்தேன், வயரைப் பிடுங்கினேன், திரைக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முற்றத்தில் காலிக் கேன்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்க, நிறத்தை எடுத்துடுங்க, கீழே பச்சை பட்டன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மவுஸை அழுத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சினார்.

"படிக்க முடியுதாண்ணே?"

"எல்லாம் படிக்க முடியுதும்மா."

அவர் பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் திரும்பினேன். வயரைச் செருகிவிட்டு, இருவரும் சேர்ந்தே ஆபீசைப் பூட்டினோம். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். பால் விலை பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.

வீட்டுக்கு வந்ததும், ஏன் இவ்வளவு தாமதம் என்று தங்கச்சி கேட்டாள். ஜிப் அண்ணனுக்கு ஒரு வேலை, வீட்டு வரி ரசீது என்றேன்.

அப்படித்தானே சொன்னார். எனக்கும் அதுதான் தெரியும்.